மாப்பிள்ளை வீட்டுக்குப் போன அத்தை

எனக்குப் பரிசம் போட்ட அன்று காலை, கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் உட்கார இடமில்லை. அப்பாவின் அக்காதான் எல்லாவற்றையும் முன்நின்று நடத்தினார். மாப்பிள்ளை வீட்டார் பதினொரு தட்டுக்குக் குறையாமல் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியனுப்பியவரும் அந்த அத்தைதான்.

அவர்களுடைய கார் வந்து நின்றது. ஆனால் யாரும் மேலே வரவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மட்டும் காரின் பின்பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், பட்டுச்சேலை என்று தட்டுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. எல்லாவற்றையும் சொன்னபடியே வாங்கிவிட்டார்கள். தூக்கிவரத்தான் ஆளில்லை. கேரி தீவுத் தோட்டத்தில் தனியாளாக மகனை வளர்த்தவர் அந்த அம்மா. வருகிறோம் என்று சொன்ன ஓரிரு சொந்தங்களும் வரவில்லை.

அத்தை பக்கத்தில் வந்து கீழே பார்த்தார். முகம் மாறியது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துப் பெண்களிடம் திரும்பினார்.

“யாரெல்லாம் என்கூட வரீங்க? இன்னிக்கு நாம மாப்பிள்ளை வீடு லா!”

சித்திகளும் அண்டை வீட்டு அக்காக்களும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். எதிர்வீட்டுச் சீன ஆன்டியும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினார்.

சற்று நேரத்தில் லிஃப்ட் திறந்தது. தட்டுகள் வரிசையாக வந்தன. முன்னால் அத்தை. அவர் பக்கத்தில், கண்ணைத் துடைத்தபடி மாப்பிள்ளையின் அம்மா. பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்ற என் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “உள்ள வாங்க அண்ணி” என்றார்.

“அண்ணியா? சம்பந்தின்னு கூப்பிடுங்க” என்றார் அத்தை விறைப்பாக.

அதோடு விடவில்லை. பாயிலும் எதிர்ப்பக்கமே போய் உட்கார்ந்தார். கல்யாணத்தைக் கிள்ளானிலேயே வைக்கலாம் என்று அப்பா பேச்சைத் தொடங்கியதும் குறுக்கிட்டார்.

“பிரிக்பீல்ட்ஸ்ல வைங்க. மாப்பிள்ளைக்கு அங்கதான் வேலை. அவரு கூட்டாளிங்க வரணும்ல?”

“அக்கா, நீங்க யாரு பக்கம்?”

“தட்டு தூக்குன பக்கம்.”

கூடமே சிரித்தது. அந்த அம்மா அன்றைக்கு முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கல்யாணம் பிரிக்பீல்ட்ஸ் கோயிலில்தான் நடந்தது. மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் இல்லை. நாத்தனார் முடிச்சு போட யாரைக் கூப்பிடுவது என்று ஐயர் கேட்டபோது மாமியார் யோசிக்கவே இல்லை.

“அக்கா, நீங்க வாங்க.”

அத்தை எழுந்து என் பின்னால் வந்தார். அவர் விரல்கள் கழுத்தில் சில்லென்று பட்டன. முடிச்சை நன்றாக இறுக்கிப் போட்டார்.