தாராவி ஊர்ச் சங்கத்தில் மூன்றாவது ஆள்

காலையில் முதல் வேலையாக, செம்பூரில் தம்பி வீட்டு வாசலில் உட்கார்ந்து, அறுந்த செருப்பு வாரைக் கோணி ஊசியால் தைத்துக்கொண்டேன். அன்று நிறைய நடக்க வேண்டியிருந்தது.

டிசம்பர் விடுமுறையில் பத்து நாள் பயணமாக பம்பாய் வந்திருந்தேன். தென்காசிப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் ஆசிரியை. அதே பள்ளியில் என்னோடு படித்த பாத்துமுத்து, கணவர் இறந்த பிறகு தாராவியில் வீட்டிலேயே தோல் பை தைத்துப் பிழைக்கிறாள். ‘சங்கத்துப் பட்டறையில் எனக்கு இடம் உண்டா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்துவிடும், நீ பக்கத்தில் இரு’ என்று எழுதியிருந்தாள்.

செம்பூரில் எட்டேகாலுக்கு ரயில். குர்லாவில் வண்டி மாறி சயானில் இறங்க வேண்டும். டிக்கெட் இருபது நயா பைசா. அங்கிருந்து முக்கால் மைல் நடை. சந்தின் பெயரைச் சொல்லி நான்கு பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஐந்தாவதாக ஒரு டீக்கடைக்காரர் சிரித்தார்.

“சந்து பேரு எனக்கே தெரியாதுக்கா. எந்த ஊருன்னு சொல்லுங்க.”

சொன்னேன். “அப்படிக் கேளுங்க! மூணாவது குழாயடி, பச்சைக் கதவு.” டீக்குப் பத்து பைசா நீட்டினால் வாங்க மறுத்துவிட்டார். அவர் எங்கள் ஊருக்கு அடுத்த ஊராம்.

பச்சைக் கதவுக்குப் பின்னால்தான் எங்கள் ஊர்ச் சங்கம். முஸ்லிம்களும் இந்துக்களும் சேர்ந்து நடத்துவது. உள்ளே பொதுத் தையல் மெஷின்கள், தோல் வெட்டும் மேசைகள். புதிதாக ஒருவருக்கு அங்கே இடம் வேண்டுமென்றால், கூட்டத்தில் மூன்று ஊர்க்காரர்கள் எழுந்து நிற்க வேண்டும். பேச்சு, கையெழுத்து எதுவும் இல்லை. நிற்பவர் ஆறு மாதம் வாராவாரம் வந்து வேலையைப் பார்த்து, அந்த ஆள் தவறினால் பதில் சொல்ல வேண்டும். மூவர் நின்ற ஆளுக்குத் தோல் கிடங்கில் நம்பித் தோல் கொடுப்பார்கள். குர்லா வியாபாரிகள் வேலை கொடுப்பார்கள். அந்தச் சந்தின் பட்டறைகள் எல்லாம் இப்படி வளர்ந்தவைதான். இதெல்லாம் பாத்துமுத்து பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பாத்துமுத்து என்னை ஊர் டீச்சர் என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பதினோரு மணிக்குத் தலைவர் மைதீன் பாய் அவள் பெயரைச் சொன்னார். அவள் கொழுந்தன் எழுந்தான். அடுத்து, பக்கத்து மேசையில் இருந்த சுடலைமுத்து அண்ணாச்சி எழுந்தார். அதற்குப் பிறகு ஒருவரும் அசையவில்லை. ஆண் துணை இல்லாத பட்டறைக்கு யார் பதில் சொல்வது என்ற தயக்கம் அது என்று பிறகுதான் தெரிந்தது. பாத்துமுத்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வயதான ஒருவர் தாமதமாக உள்ளே வந்தார். பெரியவர் வருகிறாரே என்று பழக்கத்தில் எழுந்துவிட்டேன்.

மொத்தக் கூட்டமும் என் பக்கம் திரும்பியது.

“ஏ, மூணாவது ஆளு நிக்காவ பாருங்க!” என்றார் அண்ணாச்சி.

“டீச்சர், தெரிஞ்சுதான் நிக்கியளா?” என்றார் மைதீன் பாய்.

“பொம்பளை நிக்கலாமா பாய்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“கூடாதுன்னு எங்கல எழுதியிருக்கு? இந்தச் சட்டத்தைப் போட்டவருக்கு எழுதவே தெரியாது” என்றார் பாய்.

சிரிப்பு அடங்க நேரமானது. விஷயம் இன்னதென்று அந்தப் பேச்சிலேயே புரிந்துவிட்டது. தெரியாமல் எழுந்துவிட்டேன் என்று சொல்லி உட்கார்ந்திருக்கலாம், யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். பாத்துமுத்து இன்னும் நிமிரவில்லை. என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள்.

“தெரிஞ்சுதான் நிக்கேன்” என்றேன்.

“வாராவாரம் தென்காசியிலயிருந்தா வருவிய?”

“அது என் பாடு பாய்.”

அவர் தலையசைத்தார். ஜன்னலோரத்து மெஷின் அவளுக்கு என்று முடிவானது. அவள் அதன் சக்கரத்தை ஒருமுறை கையால் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏளா, பசிக்குதா?” என்று மட்டும் கேட்டாள்.

இருபது வருடம் வேலை பார்த்த பள்ளியில்கூட என் சொல்லை மட்டும் நம்பி யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. முன்பின் பார்த்திராத அந்த நாற்பது பேருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போங்கள், பத்து மணிக்கு மேல் தோல் வாடை ஏறும். விலாசத்தை நம்பாதீர்கள், ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு மாட்டுங்கா வரை நடக்கலாம். எழுபத்தைந்து நயா பைசாவில் வயிறு நிறையும். சங்கக் கூட்டத்துக்கு அழைத்தால், யார் வந்தாலும் உட்கார்ந்தே இருங்கள், நிற்க மனமிருந்தால் தவிர.

ஊர் திரும்ப, சனிக்கிழமை மெயில் ரயிலில் என் பெயருக்கு ஒரு இடம் இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போகத் தம்பி குதிரை வண்டிக்குச் சொல்லி வைத்துவிட்டான். நாளைக் காலை அவன் வேலைக்கு டிராம்பே பஸ் ஏறியதும், ஸ்டேஷனுக்குப் போய் அந்த டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பள்ளிக்கு ஆறு மாத விடுப்புக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போகிறேன்.