முற்றத்தில் கட்டிய நீல ஒயர்

அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கட்டிலை விட்டு அதிகம் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். துபாயில் இருந்த அவள் கணவரோடு கம்ப்யூட்டரில் எழுதி எழுதித்தான் பேசுவாள். ஆனால் மோடமும் போனும் வாசல் அறையில், என் கம்ப்யூட்டரோடு இருந்தன. அவளுக்கென்று இன்னொரு மோடம் வாங்க வழியில்லை. நண்பன் ஒதுக்கிப்போட்ட கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து அவள் கட்டிலருகே வைத்து, அதையும் என்னுடையதையும் ஒரு நீல ஒயரால் இணைத்தேன். ஒரே மோடம் இருவருக்கும் போதுமானதாக இருந்தது. ஒயரை முற்றத்துக்கு மேலே உயரமாக இழுத்துக் கட்டினேன்.

மறுநாளே பேச்சு பாதியில் அறுந்தது. ஓடிவந்து பார்த்தால், ஒயர் மேல் ஈர வேட்டி. அப்பா மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவர். தன் மடிவேட்டியை யார் கையும் படாத உயரத்தில் கோலால்தான் உலர்த்துவார். ஒயரைப் புதுக் கொடி என்று நினைத்துவிட்டார். வேட்டியின் கனத்தில் ஒயர் அக்காவின் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. மடி என்பதால், குளிக்காமல் அந்த வேட்டியை நான் தொடவும் முடியாது.

“உங்க மடிக்கு வேற இடமே கிடைக்கலையா?” என்று கத்தினேன்.

அப்பா கோலால் வேட்டியை எடுத்தார். “மாப்பிள்ளை பேசறது இதுலதானா?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் காலையில், தொய்ந்திருந்த அந்த ஒயரை ஏற்றிவிட அம்மா கை நீட்டினாள். மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா பதறிப்போய்த் தடுத்தார்.

“அதுல நம்ம பொண்ணு பேசறா. குளிக்காம தொடாதே.”