எண்ணெயில் குழைத்த பவுடர்

அறந்தாங்கி பஸ் கண்டக்டர்தான் சொன்னார். "ஒங்களோட வேல பாத்த காதர் பாய் மவுத்தாயிட்டாருங்க. முந்தாநாள் அடக்கம்." நான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. திருமயம் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் அவர் கம்பவுண்டர், நான் கட்டுக் கட்டுபவன். அவரிடம் நாயைக் கூட்டி வந்தவர்களுக்கெல்லாம் நான் ஒன்று சொல்ல வேண்டும்.

நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு என்பது முஸ்லிம்கள் முறை. அதனால் மருந்து அவர் பாடு, நாய் என் பாடு. நான் உண்ணி பிடுங்கும்போது தள்ளி நின்று அதிகாரம் மட்டும் பண்ணுவார். "தலையோட வரணும்யா. தலை உள்ள நின்னா புண்ணுதான்."

உண்ணிக்கு டி.டி.டி. பவுடர் புதிதாக வந்த சமயம். உலர்வாகத்தான் தூவ வேண்டும், நக்கவிடக் கூடாது என்று காதர் பாய் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் பூச்சிக்கு எதைப் போட்டாலும் வேப்பெண்ணெயில் குழைத்துப் போட்டால்தான் மனசு ஆறும். ஒரு நாள் காலையில் பொன்னம்மாளின் ஆட்டுக்கிடையைக் காத்த நாய், காதெல்லாம் உண்ணியாக வந்தது. அவரைக் கேட்காமல் பவுடரை எண்ணெயில் குழைத்து வால்வரை தேய்த்துவிட்டேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

மத்தியானம் பொன்னம்மாள் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் நுரை. டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். "இது போச்சுன்னா என் குட்டிகள நரிக்கித்தாங்க குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே நாயின் வாயில் பால் ஊற்றப் போனாள். காதர் பாய் பால் கிண்ணத்தைப் பறித்துக் கீழே வைத்தார். பாலும் எண்ணெயும் அந்த விஷத்தை உள்ளே இழுக்குமாம். குனிந்து நாயை முகர்ந்தார். வேப்பெண்ணெய் வாடை. என்னை ஒரு பார்வை பார்த்தார். அவரே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நாயைத் தொட்டியில் இறக்கி, சோப்புப் போட்டுத் தேய்த்தார். நாயின் வாய் நுரை அவர் மார்பில் வழிந்தது.

என்னத்தைப் போட்டீர்கள் என்று பொன்னம்மாள் கேட்டாள். வேலை போய்விடும் என்பதுதான் அப்போது மனசில் ஓடியது. இப்போது சொல்லவே கூசுகிறது.

"பவுடர எண்ணெயில கொழைச்சது தப்பும்மா" என்றார் அவர். "எங்க ரெண்டு பேரு மேலயும்தான் தப்பு. இது எந்திரிக்கிற வரைக்கும் எங்கிட்டும் போகமாட்டோம்."

இழுப்பு நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கழுவினார். பிறகு சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கிய அறையில் கிடத்தினார். நான்கைந்து மணி நேரம் மூவரும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். பொழுது சாய நாய் எழுந்து நின்றது. அவர் கிணற்றடியில் மண்ணைக் கரைத்துத் தன் உடம்பைக் கழுவினார், நான் இறைத்து ஊற்றினேன். என் தப்பில் நீங்கள் ஏன் பங்கு கேட்டீர்கள் என்றேன். "பேசாம ஊத்துய்யா, எண்ணிக்கை விட்டுப்போகுது" என்றார்.

அதன் பிறகு பொன்னம்மாள் எங்கே பார்த்தாலும் அவரையும் சேர்த்தே ஏசுவாள். அவர் சிரித்துக்கொள்வார். நானும் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். குழைத்தவன் நான் மட்டும்தான். அவர் எனக்காக எடுத்துக்கொண்ட பாதித் தப்பும் இனி என்னிடம்தான் இருக்கும்.