புகைத்துளை இல்லாத வீடு

என் கணவர் சிவபாலனுக்கு எவரிடமும் ஏலாது என்று சொல்ல வராது. மெல்பேர்ணில் ஐந்து வருடமாக, வரைபட அலுவலகத்து மேலாளர் எதைச் சொன்னாலும் தலையாட்டியே காலம் தள்ளினார். பார்த்துப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1975இல் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தார். ரோமர் ஆண்ட காலத்துப் பிரித்தானியாவில் அந்த மண்ணின் விவசாயிகள் எப்படிக் குடியிருந்தார்கள் என்பது பாடம். வட்ட வீடு, தானியக் குழி, மாட்டுப்பட்டி என்று ஒரு குடியிருப்பையே மாதிரியாக எங்கள் குசினியில், சாப்பாட்டு மேசை முழுக்க, செய்து முடித்தார். மூன்று கிழமை நின்றுகொண்டுதான் சாப்பிட்டோம்.

வகுப்பின் கண்காட்சிக்காக ஆளுக்கொரு பக்கம் பிடித்து அதைக் கொண்டுபோனோம். ஆசிரியை மார்கரெட் கூரையை உற்றுப் பார்த்தார். நடுவில் அடுப்பு இருக்கிறதே, புகை போக உச்சியில் துளை எங்கே என்று கேட்டார். துளை போட்டால்தான் கண்காட்சியில் வைக்கலாமாம்.

"நோ" என்றார் இவர்.

"ஒரு ஓட்டைதானே, போட்டுவிடுங்கோவன்" என்று கிசுகிசுத்தேன்.

"ஊரில உங்கட வீட்டுத் தென்னோலைக் கிடுகுக் குசினிக்கு ஓட்டை இருந்ததே?" என்று இவர் திருப்பிக் கேட்டார்.

"இல்லை. புகை கிடுகுக்குள்ளால போகும்."

"அதுதான். ஓட்டை வைச்சா நெருப்பையும் மேல இழுக்கும்."

அதையே ஆங்கிலத்தில் மார்கரெட்டுக்கும் சொன்னார். மார்கரெட் நம்பவில்லை. ஆனாலும் நேர்மையான மனுஷி, செய்தே பார்த்துவிடலாம் என்றார். அடுத்த சனிக்கிழமை, கேரம் டவுன்ஸ் பக்கம் அவருடைய தம்பியின் காணியில், வைக்கோல் வேய்ந்த இடுப்பளவுக் குடிசைகள் இரண்டு எழும்பின. ஒன்றுக்கு மட்டும் துளை. இரண்டிலும் தீ மூட்டினார்கள். துளை வைத்ததில் பொறி விறுவிறுவென்று மேலே ஏறிக் கூரை பற்றிக்கொண்டது. மற்றதில், தோய்ந்த ஈரத் தலைக்குச் சாம்பிராணி போட்டதுபோல், வைக்கோலுக்குள்ளால் புகை மெல்லக் கசிந்தது. மார்கரெட் வாளித் தண்ணீரை ஊற்றித் தானும் நனைந்து, விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

கண்காட்சியில் இவருடைய குடியிருப்புதான் வாசலில் இருந்தது. துளை எங்கே என்று யாராவது கேட்டால், இவர் வாய் திறக்குமுன் மார்கரெட்டே கதையைத் தொடங்கிவிடுவார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அழுதே விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "இனி மேசையைத் துடைச்சு வைக்கட்டே?"

"ஏலாது. பக்கத்துக் குடியிருப்பு இன்னும் கட்டேல்லை."

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் ஏலாது. அன்று நின்றுகொண்டே இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.