அந்தோணி ஐயா நாக்கில் பட்ட உப்பு

செவ்வாய்க்கிழமை காலை குளத்துக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது அந்தோணி ஐயாவின் மகள் மரியா கூப்பிட்டாள். “சார், அப்பா போயிட்டாவ” என்றாள். பிறகு, “சாயப்பட்டறை முதலாளி மாலை குடுத்து விட்டிருக்காரு. அப்பாவுக்குப் பிடிக்காது. துட்டி வீட்டுக்கு வந்தத எப்படி வேண்டாம்னு சொல்ல?” என்று கேட்டாள். நான் வரும்வரை மேலே போடாதே என்றேன்.

என்னோடு அந்தக் கரையில் நடந்த நண்பர்களே, உங்களுக்கு அவரைத் தெரியும். தூத்துக்குடிப் பக்கம் ஐம்பது ஆண்டு கடலுக்குப் போனவர். மகள் பனியன் கம்பெனியில் தைக்க வந்ததால் இங்கே வந்தார். “இதெல்லாம் ஒரு மீனா வாத்தியாரே, உப்பு பாக்காத சவம்” என்று நம் குளத்து ஜிலேபி மீன்களைக் கேலி செய்தவர், மூன்றாம் மாதம் அவற்றுக்குச் சோறு போட்டார். படியைக் காலால் தட்டினால் கூட்டமாக வரும். வால் அறுந்த ஒன்றுக்குத் தன் பழைய படகுக் கூட்டாளியின் பெயரை வைத்திருந்தார். “தின்னிப் பய, மொத ஆளா வாரான் பாரும்.”

கடலில் இறங்குமுன் ஒரு கை நீர் அள்ளி நாக்கில் வைப்பது அவர் பழக்கம். இங்கும் அதை விடவில்லை. போன ஐப்பசியில் பெருமழைக்கு மறுநாள் அப்படி வைத்தவர் முகம் மலர்ந்தது. “கரிக்கி வாத்தியாரே. கடத்தண்ணி மாதிரியே கரிக்கி.” இன்னொரு கை அள்ளி முகத்தில் தேய்த்துக்கொண்டார். சாயம் பிடிக்கப் பட்டறையில் மூட்டை மூட்டையாய் உப்பு கொட்டுவதும், மழை நாளில் அந்தக் கழிவைக் குளத்தில் திறந்துவிடுவதும் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்து எனக்கும் சொல்ல வாய் வரவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் மீன்கள் வயிறு வெளுக்க மிதந்தன. வால் அறுந்ததும் மிதந்தது.

முதலாளி என்னிடம் வந்தார். “ஏனுங்க சார், மழைத்தண்ணியோட கொஞ்சம் போயிருச்சுங்க. புதுக் குஞ்சு வாங்கி விட்டர்றனுங்க. பெரியவர்கிட்டச் சொல்லுங்க.” சொன்னேன். அந்தோணி ஐயா நிதானமாகப் பதில் சொன்னார்: “ஆமை வலையக் கிழிச்சா கும்பிட்டு விட்ருவோம். அதுக்கு வழி தெரியாது. இவனுக்குத் தெரியும்.”

செத்த மீன்களை அவர் புதைக்கவில்லை. கீறி, உப்பிட்டு, மொட்டை மாடியில் காயவைத்தார். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் வரும் நாளை மரியா மூலம் தெரிந்துகொண்டு, கருவாடாகிவிட்ட அவற்றைச் சாயப்பட்டறை கேட்டில் மாலையாகக் கட்டினார். காரிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரர் மூக்கைப் பொத்தியபடி இது என்ன என்று கேட்டார். முப்பது ஆண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் நான். எடுத்துக்காட்டு இல்லாமல் பாடம் நடத்தியதில்லை. அன்று எடுத்துக்காட்டு கண்ணெதிரே தொங்கியது. பட்டறையின் கழிவுக் குழாயையும் குளத்தையும் காட்டி, ஒவ்வொரு சொல்லாக, பிழையில்லாமல் விளக்கினேன். கார் திரும்பிப் போனது. “என்ன சொன்னீரு?” என்றார் ஐயா. “நீங்க கட்டியதைப் படித்துக் காட்டினேன்” என்றேன். அவர் அப்படிச் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

செவ்வாயன்று அந்த ரோஜா மாலையை நானே எடுத்துப்போய், கருவாடு தொங்கிய அதே கம்பியில் மாட்டினேன். “துக்கத்துக்குக் குடுத்ததைத் திருப்பலாமுங்களா சார்?” என்று முதலாளி கேட்டார். “செத்தவை இங்கேதானே தொங்கின” என்றேன்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கை நீர்தான். நேற்று மழை. இன்று காலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரிக்கவில்லை. கரிக்கும் நாளுக்காக, கருவாடு காயப்போட மொட்டை மாடியில் கயிறு கட்டி வைத்திருக்கிறேன்.