நிக்கல் பாலிஷ் போட்ட கொடுவாள்

என் தாய்மாமனுக்கு மனிதர்களைவிடக் கொடுவாள் மேல்தான் நம்பிக்கை. கச்சிராயபாளையத்தில் கரும்பு, கல்வராயன் மலைமேல் புளிக் குத்தகை, இரண்டுக்கும் ஒரே கொடுவாள் வைத்திருந்தார். தன் பெண்ணை எனக்குக் கொடுப்பதென்றால் அந்த வருஷம் நான் அவரோடு மலைக்கு வந்து முள் வெட்டி வழி பண்ணிக் காட்ட வேண்டும் என்று அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கோ அந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ள மனசில்லை. சரி, முதலில் கொடுவாளைச் செய்வோம் என்று ஆசாரியிடம் போனேன்.

ஆசாரி பொறுமைசாலி. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்து, முதுகு தடித்து, முனை கனத்து, மூக்கு கொஞ்சமாக வளைந்திருந்தால் கை நோகாது என்றார். நான் மூக்கை நீட்டச் சொன்னேன், பார்க்க மிரட்டலாக இருக்குமே. கைப்பிடிக்குள் போகிற இரும்புக் காம்பை மறுமுனைவரை விட்டு மடக்கி அடிக்கிறேன் என்றார். எனக்கு அந்த முனையில் பித்தளைக் குமிழ் வேண்டியிருந்தது, அதனால் காம்பைப் பாதியில் நிறுத்தச் சொன்னேன். கடைசியில் அவர் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார்.

“உலைக் கருப்ப மட்டும் தேய்ச்சிடாதீங்க. துரு சீக்கிரம் ஏறாது, வெயில்ல கண்ணும் கூசாது.”

கேட்டேனா? கள்ளக்குறிச்சியில் சைக்கிள் ரிம்முக்கு நிக்கல் பாலிஷ் போடுகிற கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி வரும்போது அதில் முகம் பார்த்து மீசையைச் சரிபண்ணிக்கொண்டேன். ஆள் பாதி ஆடை பாதி என்பது கொடுவாளுக்கும் பொருந்தும் என்று நினைத்த முட்டாள் நான்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த சமயம் அது. மரத்தை வெட்டிப் போட்டுச் சாலைகளை மறித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரிலும் விடிவதற்கு முன்னால் ஒரு புளியமரத்தைச் சாய்க்கக் கிளம்பினோம். நான் கொடுவாளை எடுத்ததும் யாரோ அடித்த டார்ச் வெளிச்சம் அதில் பட்டு, பக்கத்து வயல்வரை பளிச்சென்று போனது. மாமன் என் தோளிலிருந்த துண்டைப் பிடுங்கி அதன்மேல் சுற்றினார். போய் மரத்தில் கட்டிய கயிற்றை இழு என்றார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

காலையில் போலீஸ் வந்தது. கத்தி வைத்திருந்தவர்களையெல்லாம் சாலையில் சாய்ந்து கிடந்த மரத்தின் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். மற்றவர்களின் கருப்புக் கத்திகளில் ஈரப் பட்டையும் மரத்தூளும் அப்பியிருந்தன. ஒவ்வொருவராக வேனில் ஏறினார்கள், மாமனும் ஏறினார். என்னுடையதை இன்ஸ்பெக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெங்காயம்கூட நறுக்காத கத்தி என்று சொல்லி என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

ஊரே உள்ளே போக, நான் மட்டும் வீட்டுக்குப் போனால் எவன் பெண் கொடுப்பான்?

“சார், நானும் வெட்டுனேங்க” என்றேன்.

நீட்டிக்கொண்டிருந்த ஒரு கிளையைக் காட்டி, வெட்டு பார்க்கலாம் என்றார்.

முதல் வெட்டில் நிக்கல் தோல் தோலாக உரிந்தது. இரண்டாவதில் அந்த மிரட்டல் மூக்கு பக்கத்துக் கிளையில் போய் மாட்டிக்கொண்டது. மூன்றாவதில் கத்தி மரத்தோடு நின்றுவிட்டது, பித்தளைக் குமிழும் கைப்பிடியும் மட்டும் என் கையில். போலீஸ்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வேனில் இருந்தவர்களும் சிரித்தார்கள். இவனைப் பிடித்துக்கொண்டு போனால் கோர்ட்டில் என் மானம்தான் போகும் என்று இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

மாமன் மட்டும் சிரிக்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று தலைநிமிராமல் நின்றேன். வண்டி கிளம்புகிற சமயத்தில் கம்பி வலைக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டார்.

“டேய், பொய் சொல்லியாவது எங்கூட வரப் பார்த்த இல்ல? அது போதும். வூட்ல போய்ச் சொல்லு, நான் வந்ததும் கல்யாணம். அதுவரைக்கும் கரும்பப் பாத்துக்கினு இரு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேன் நகர்ந்து பத்தடி போயிருக்கும், மாமன் குரல் மறுபடியும் கேட்டது.

“பாத்துக்கினு மட்டும் இரு. வெட்டிகிட்டித் தொலைக்காத.”