நெருப்பு வரைந்த கார் விற்பனைக்கு

அந்த அட்டையில் இருந்ததை இப்போதும் எழுத்து மாறாமல் என்னால் சொல்ல முடியும். 'விற்பனைக்கு. ரேஸ் மாடல். தொட்டுப் பார்க்கக் கூடாது.' விற்க ஆசைப்படுகிறவன் யாராவது தொடாதே என்று எழுதி மாட்டுவானா? என் மாமா மாட்டினார். மாமா என்றால் என் அக்காவின் கணவர். மாரண்டஹள்ளிக்குச் சற்று வெளியே, ரோட்டை ஒட்டிய அவர் வீட்டு வாசலில் அந்தக் கார் நின்றது. எண்பதுகளின் நடுவில் நான் மாரண்டஹள்ளிக்கும் பாலக்கோட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்த ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒவ்வொரு நடைக்கும் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டேதான் போக வேண்டும். எழுத்து வெயிலில் வெளுத்துப்போனால் அட்டை புதிதாகும். கார் மட்டும் அங்கேயே நிற்கும்.

வாங்கியபோது அது நல்ல கார்தான். பெங்களூரில் ஒரு டாக்டர் குடும்பம் வைத்து ஓட்டிய பழைய இங்கிலீஷ் வண்டி. உருண்டை முகமும் பச்சை நிறமுமாக, மரியாதையான வீட்டுப் பெரியவர் போல இருந்தது. அதன் கெட்ட நேரம், மாமா ஏதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டார். முன் மூடிக்கு மேலே இன்ஜின் துருத்திக்கொண்டும், பின் சக்கரம் பெருத்தும், முன் சக்கரம் சிறுத்தும், உடம்பெல்லாம் நெருப்பு எரிவது போலப் பெயின்ட் அடித்தும் ஒரு ரேஸ் கார். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். தன் கல்யாண போட்டோவை அவர் ஒரு நாளாவது அப்படி வைத்திருந்ததாக எனக்கு நினைவில்லை.

ஓசூர் ரோட்டில் கவிழ்ந்து நசுங்கிய ஒரு வேனின் டீசல் இன்ஜினை வாங்கிவந்தார். அது காருக்குள் அடங்கவில்லை. மூடியில் பெரிய ஓட்டையாகப் போட்டு இன்ஜினை நிமிர்த்தி வைத்தார்கள். படத்தில் அழகுக்காக வெளியே நின்ற இன்ஜின், மாமாவின் காரில் இடம் பத்தாமல் வெளியே நின்றது. படத்தில் கூரை தாழ்வாக இருக்கிறது என்று கூரையை வெட்டி இறக்கினார். மாமா நல்ல உயரம். அதற்குப் பிறகு அவர் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டுதான் வண்டி ஓட்ட முடிந்தது. சைலென்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் இரண்டு நீளக் குழாய்களை வைத்தார். கிணற்றுக்கென்று அக்கா சொல்லி வாங்கிவைத்த குழாய் அது.

நெருப்பு வரைந்தவர்தான் எல்லாரையும் மிஞ்சினார். அவர் எங்கள் பங்குக் கோவிலுக்குப் படம் வரைந்து கொடுக்கிற பெயின்டர். அவருக்குத் தெரிந்த ஒரே நெருப்பு, மோட்சத்துக்குப் போகுமுன் பாவம் தீர உத்தரிக்கும் ஸ்தலத்தில் ஆன்மாக்கள் நின்று வேகிற நெருப்பு. அதையே இரண்டு கதவிலும் இறக்கிவிட்டார். ஆன்மாக்கள்தான் இல்லை. "ஆளு உள்ள உக்காந்துக்குவாரில்ல, அது போதும்" என்றாராம். அன்றிலிருந்து எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் எல்லாருக்கும் அது 'உத்தரிப்பு வண்டி' ஆகிவிட்டது. கேலி என்று மாமாவுக்கு உறைக்கவே இல்லை. வண்டிக்குப் பெயர் வந்துவிட்டதென்று பூரித்துப்போனார்.

இதெல்லாம் ஒருவருடைய பைத்தியம் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கிணற்றிலிருந்த ஆயில் இன்ஜின் அந்தச் சமயத்தில்தான் இறுகிப்போய் நின்றது. கரண்ட்டுக்கு எழுதிக் கொடுத்தது வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. அக்காவின் தக்காளித் தோட்டம் அந்தக் கிணற்றை நம்பித்தான் இருந்தது, வீடும் அந்தத் தோட்டத்தை நம்பித்தான் இருந்தது. "கார் வித்ததும் மொத வேலையா கெணத்துக்குப் புது இன்ஜின்தான்" என்று மாமா சொன்னார். அக்கா நம்பினாள். குடத்தில் மொண்டு செடிக்குச் செடி ஊற்றிக்கொண்டே நம்பினாள். பஸ் அவள் வீட்டைத் தாண்டும்போது இடுப்பில் குடத்தோடு அவள் போவது தெரியும். வாசலில் மாமா காரைக் கழுவிக்கொண்டிருப்பார். அதற்கும் அதே கிணற்றுத் தண்ணீர்தான்.

ரேஸ் காரின் ரேஸை நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன். பாலக்கோடு சந்தை நாள் அது. காலையில் படபடவென்று ஊரையே எழுப்பிக்கொண்டு மாமா எங்கள் பஸ்ஸை முந்திப் போனார். கையை வேறு ஆட்டினார். கொஞ்ச தூரம் போனதும் பார்த்தால், புளியமரத்தடியில் கார் நிற்கிறது, இன்ஜினிலிருந்து இட்லிப் பானை போல ஆவி வருகிறது, மாமா கழுத்தைச் சாய்த்தபடியே இறங்கி நிற்கிறார். வண்டியைவிட்டு இறங்கியும் கழுத்து நேராகவில்லை. தக்காளிக் கூடையோடு என் பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணா, ஏறிக்குங்க, நாங்க மெதுவாத்தான் போவோம்!" என்றாள். பஸ்ஸே சிரித்தது. நான் விசில் ஊதி, நிறுத்தாமல் போகச் சொன்னேன். அதற்காக ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை.

வாங்க ஆள் வராமல் இல்லை. வந்தவர்களை மாமாதான் விரட்டினார். டாக்ஸிக்கு ஆகுமா என்று கேட்ட ஓசூர்க்காரரிடம், "சிங்கத்த ஏர்ல பூட்டுவீங்களா?" என்று கேட்டு அனுப்பினார். கர்நாடகத்திலிருந்து வந்த ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓடுத்தா?" என்று கன்னடத்தில் ஒரே வார்த்தை கேட்டார், ஓடுமா என்று. நியாயமான கேள்வி. மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மதிக்கத் தெரியாதவனுக்கு விற்கமாட்டேன் என்று வீட்டுக்குள் போய்விட்டார். அவருக்கு வேண்டியது விலை இல்லை. யாராவது வந்து வாயைப் பிளந்து நிற்க வேண்டும், இவர் அதைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் அந்த அட்டை. பொண்டாட்டி குடம் சுமக்க, வாசலில் நின்று பாராட்டு வாங்குகிறவனை என்னவென்று சொல்வது? எனக்குத் தெரிந்த வார்த்தைகள் எதுவும் அச்சில் வராது.

அந்த வருஷம் பூ விட்ட செடிகள் வாடத் தொடங்கிய வாரத்தில், மாமா காருக்கு ஹாரன் வாங்க பெங்களூர் போனார். ஆமாம், ஹாரன். இருந்த ஹாரன் ரேஸ் காருக்குப் பொருத்தமாக இல்லையாம். மறுநாள் காலை அக்கா ரோட்டோரம் நின்று பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினாள். ஏறவில்லை. "தம்பி, உங்க ஷெட்டு மெக்கானிக்கக் கூட்டியாடா. அந்த இன்ஜின் கெணத்துல ஓடுமான்னு கேளு" என்றாள்.

ஓடும் என்றார் மெக்கானிக். நான்கு பேர் பிடித்துத் தூக்கி, மாட்டு வண்டியில் ஏற்றி, கிணற்று மேட்டில் சிமென்ட் போட்டு உட்காரவைத்து, பம்புக்குப் பெல்ட் மாட்டினோம். ரோட்டில் ஏறினாலே கொதித்த இன்ஜின், கிணற்றுத் தண்ணீரில் ஒரு பங்கு தன் உடம்பு வழியாகவே ஓடியதும் சாதுவாகிவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தபோது அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு முன்னால் ஓடினாள். இவ்வளவு நாள் வாசலில் நின்றது இதுதானே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

ஹாரனோடு வந்து இறங்கிய மாமா, மூடியிலிருந்த ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்தார்.

"என் இன்ஜின யாரு தொட்டது?"

"தொடலீங்க, கழட்டிட்டேன்" என்றாள் அக்கா.

பெரிய சண்டை வரும் என்று நான் அன்று லீவு போட்டிருந்தேன். வீண். தோட்டத்துப் பக்கம் போனவர் அந்தச் சத்தத்தைக் கேட்டார், பக்கத்துக் காட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க நிற்பதைப் பார்த்தார், அவ்வளவுதான். "ரேஸ் இன்ஜின், அதான் தண்ணி இந்தப் பாய்ச்சல் பாயுது" என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். கோபப்படக்கூட முதுகெலும்பு வேண்டும். ஓட்டையை ஒரு முறத்தால் மூடிவிட்டு, அட்டையை மறுபடி மாட்டினார். விற்பனை தொடர்ந்தது.

இந்த மாதிரிக் கார்களுக்கு இன்றைக்கு மதிப்பு அதிகமாம். பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் காட்டுகிறான். அதே பெருத்த பின் சக்கரம், அதே நெருப்பு. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு காரின் சொந்தக்காரன் நிற்கிறான். அழகாக இருக்கிறது இல்லையா தாத்தா என்று பையன் கேட்கிறான். நான் காரைப் பார்ப்பதில்லை. இந்தக் கார்க்காரன் வீட்டில் தண்ணீர் யார் எடுக்கிறார்கள் என்றுதான் யோசிக்கிறேன்.

அந்த வருஷம் தக்காளி பழுத்துப் பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது, ராயக்கோட்டையிலிருந்து டிராக்டரோடு ஒருவர் வந்தார். டயர் கடை வாசலில் காட்சிக்கு நிறுத்த அவருக்கு ஒரு கார் வேண்டும். நெருப்பைப் பார்த்து உண்மையாகவே வாயைப் பிளந்தார். மாமா சீட்டில் ஏறி உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து, வளைவுகளில் அது எப்படிப் பறக்கும் என்று ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். வந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சேற்றுக் காலோடு தோட்டத்திலிருந்து வந்த அக்காவிடம் திரும்பினார்.

"இன்ஜின் சேத்துத்தானுங்களா அம்மா?"

"இன்ஜின் குடுக்கறதில்லீங்க" என்றாள் அக்கா. காரையும் காருக்குள் இருந்தவரையும் ஒரு பார்வை பார்த்தாள். "மத்ததெல்லாம் எடுத்துட்டுப் போங்க."

அவர் கேட்ட விலைக்கு அக்காவே சரி சொன்னாள். டிராக்டரில் கயிறு கட்டினார்கள். இழுத்துப்போகிற காருக்கு ஸ்டியரிங் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமே? இன்னொருவன் கைக்கு அது படியாது என்று மாமா சீட்டைவிட்டு இறங்கவே இல்லை. டிராக்டர் நகர்ந்தது. ரோட்டில் நின்றவர்களுக்கெல்லாம் கையை ஆட்டிக்கொண்டே, மாட்டு வண்டி வேகத்தில் மாமா போனார்.

பக்கத்து வீட்டு அம்மா கவலையாகக் கேட்டாள், "ஏம்மா, உங்க வூட்டுக்காரரு எப்ப திரும்பி வருவாரு?"

"அவங்க திருப்பி அனுப்புனா வருவாரு" என்று சொல்லிவிட்டு அக்கா தோட்டத்துக்குப் போனாள்.

சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள்.